வாக்கியம் பதில் கேட்கிறதா?

மூன்றாம் வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: “என் பிள்ளைகள் ‘என்ன’, ‘யார்’, ‘எங்கே’ எது வந்தாலும் உடனே கேள்விக்குறி போட்டுவிடுகிறார்கள். ‘நீ சாப்பிட்டாயா’ என்ற இடத்தில் முற்றுப்புள்ளி வைக்கிறார்கள். எப்படித் திருத்துவது?”

முதலில் ஒன்று. பிள்ளைகளுக்கு வாக்கியம் புரியாமல் இல்லை. தமிழில் கேள்வி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆ, எ, ஏ, ஓ, யா என்று ஐந்து வினா எழுத்துகள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. ஓலைச்சுவடியில் கேள்விக்குறியே கிடையாது. அச்சு வந்த பிறகுதான் அது நமக்குப் பழக்கமானது. ‘சாப்பிட்டாயா’ என்று எழுதியதுமே குழந்தை கேட்டு முடித்துவிட்டது. குறி மறந்துபோவதில் ஆச்சரியமில்லை, அதற்காகத் திட்டாதீர்கள்.

இன்னொரு தவறுக்குக் காரணம் நாம்தான். ‘வினாச்சொல் வந்தால் கேள்விக்குறி போடு’ என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். ‘அப்பா எப்போது வருவார் என்று தெரியவில்லை’ என்பதில் ‘எப்போது’ இருக்கிறது, ஆனால் அது யாரையும் கேட்கவில்லை. முற்றுப்புள்ளிதான். ‘யாரோ கதவைத் தட்டினார்கள்’ என்பதும் அப்படித்தான். ‘எவ்வளவு பெரிய யானை’ என்றால் வியப்புக்குறி. ஆனால் ‘அப்பா எப்போது வருவார் என்று உனக்குத் தெரியுமா’ என்று முடித்துப் பாருங்கள், கேள்விக்குறி வந்துவிடும்.

அதனால் சொல்லைத் தேடச் சொல்லாதீர்கள். ‘எதிரே இருப்பவர் பதில் சொல்ல வேண்டுமா’ என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒருவர் வாசிக்கட்டும், பதில் சொல்லத் தோன்றினால் மற்றவர் கை தூக்கட்டும். கை தூக்கிய வாக்கியத்துக்குக் கேள்விக்குறி.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு ஒன்று. கரும்பலகையில் ‘நீ நேற்று மதுரைக்குப் போனாய்’ என்று எழுதி, ‘ஆ’வை ஒவ்வொரு சொல்லாக நகர்த்துங்கள்.

நீயா நேற்று மதுரைக்குப் போனாய்? “இல்லை, அண்ணன்.”
நீ நேற்றா மதுரைக்குப் போனாய்? “இல்லை, முந்தாநாள்.”
நீ நேற்று மதுரைக்கா போனாய்? “இல்லை, தேனிக்கு.”
நீ நேற்று மதுரைக்குப் போனாயா? “போனேன்.”

ஒரே ஓர் எழுத்து இடம் மாறினால் பதிலே மாறுகிறது. பிள்ளைகள் இதில் அப்படி ஒன்றிப்போவார்கள்! வினா எழுத்து எங்கே இருந்தாலும் குறி கடைசியில்தான் வருகிறது என்பதையும் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். ‘மதுரைக்கா’வுக்குப் பின் ‘ப்’ வராததையும் கையோடு காட்டிவிடலாம்.

‘“மணி என்ன?” என்று கேட்டான்’, ‘மணி என்ன என்று கேட்டான்’ இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இப்போது எடுக்க வேண்டாம். மேற்கோள்குறி பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நோட்டில் தவறு இருந்தால் சிவப்பு மையால் நீங்களே குறியைப் போட்டுவிடாதீர்கள். எழுதிய பிள்ளையே அந்த வரியைப் பக்கத்துப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டட்டும், அது கை தூக்குகிறதா என்று பார்த்து அவர்களே திருத்தட்டும்.