கோழியின் காலாணி: ஏன் ஆறுவதேயில்லை?

நேயர்களுக்கு வணக்கம்.

காலையில் கூண்டைத் திறந்ததும் எல்லாக் கோழியும் தீனிக்கு ஓடிவருகிறது. ஒன்று மட்டும் பின்தங்கி, ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. உடனே பிடித்து அடிப்பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். விரல்கள் வந்து சேருகிற நடுப்பகுதியில், மெத்தென்று இருக்க வேண்டிய இடத்தில், மிளகைப் பதித்த மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு தெரிந்தால், சேவல் வளர்ப்பவர்கள் ‘ஆணி’ என்று சொல்வது அதைத்தான். கால்நடை மருத்துவர்கள் பம்பிள்ஃபுட் என்பார்கள்.

ஆணி என்ற பெயரில் ஒரு வம்பு இருக்கிறது. மனிதர் காலில் வரும் ஆணி, அழுத்தத்தால் தடித்துப்போன தோல். கோழிக்கு வருவது கிருமித் தொற்று. பெயர் ஒன்றாயிருப்பதால் மருந்துக் கடையில் கிடைக்கும் கால் ஆணி பிளாஸ்டரை வாங்கி ஒட்டிவிடுகிறார்கள். அதில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் பக்கத்துத் தோலையும் அரித்துவிட, கிருமிக்கு இன்னும் அகலமாகக் கதவு திறக்கிறது. அதை ஒட்டவே கூடாது.

கிருமி பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். அது எங்கிருந்தோ வருவதில்லை. தோலிலும் குப்பையிலும் எச்சத்திலும் எப்போதும் இருப்பதுதான். பாதத் தோலில் கீறலோ வெடிப்போ விழும்வரை ஒன்றும் செய்யாது. விழுந்துவிட்டால் உள்ளே இறங்கும். நம் உடம்பில் கட்டி பழுத்தால் சீழ் நீர்த்து, உடைந்து ஓடும். பறவையின் வெள்ளணுக்களில் சீழை அப்படி இளக்கும் நொதிகள் போதாது. அதனால் கோழியின் சீழ் காய்ந்த பனீர் மாதிரி இறுகி, உள்ளேயே ஒரு கெட்டி உருண்டையாக உட்கார்ந்துவிடும். அந்த உருண்டைக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. ஆகவே வாய்வழி கொடுக்கும் மாத்திரையும் உள்ளே போகாது, மேலே தடவும் மஞ்சளும் வேப்பெண்ணெயும் உள்ளே போகாது. வாரக்கணக்கில் மருந்து போட்டும் ஆறவில்லை என்று அலுத்துக்கொள்பவர்களின் கோழிக் காலில் பெரும்பாலும் இந்த உருண்டை அப்படியே இருக்கும்.

எல்லா ஆணியையும் உடனே தோண்ட வேண்டியதில்லை. தோல் சிவந்து, பளபளவென்று வழுவழுப்பாகி, பொருக்கு இல்லாமலிருந்தால் தரையை மாற்றிப் பாதத்துக்கு மெத்தை கட்டினாலே போதும். சின்னப் பொருக்கு, வீக்கமில்லை, நொண்டலும் இல்லை என்றால் அதையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வீக்கம் பாதத்தின் மேல்புறம் வரை எழும்பிவிட்டாலோ, விரல் தடித்துச் சூடாக இருந்தாலோ, கோழி உட்கார்ந்தே கிடந்து தீனி மறுத்தாலோ கத்தி எடுக்காதீர்கள். தொற்று தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) உறையிலோ எலும்பிலோ இறங்கியிருக்கக்கூடும். எக்ஸ்ரே பார்க்க வேண்டும், மரத்துப்போகச் செய்துதான் திறக்க வேண்டும். 1903-இல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. கோழியைத் தூக்கிக்கொண்டு போகக் கூச்சப்பட வேண்டாம்.

ஆணி என்று முடிவுகட்டும் முன் இன்னும் சிலவற்றைப் பாருங்கள். மொட்டை மாடிக் கோழிகளின் விரலில் மாஞ்சா நூலோ தலைமுடியோ சுற்றி இறுகியிருப்பது உண்டு; விரல் வீங்கியிருக்கும், அடிப்பாதம் சுத்தமாக இருக்கும். காலில் செதில்கள் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் அது செதில் பூச்சி. நாலைந்து கோழிகளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பாதமும் மூட்டும் வீங்கினால் அது தனிப்பட்ட காயமல்ல, பரவும் நோயாக இருக்கலாம். அப்போது எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி, வீட்டில் செய்யக்கூடிய வேலை. விடியற்காலையில், தீனி வைக்கும் முன் செய்யுங்கள். அதற்கு இரண்டு காரணம். கழுத்தடித் தீனிப்பை நிறைந்திருக்கும்போது கோழியை மல்லாத்தினால் உள்ளே இருக்கும் நீர் தொண்டைக்கு ஏறி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். இன்னொன்று நம்மூர் வெயில். துண்டில் சுற்றிய கோழி பத்து மணிக்கு மேல் சூடு தாங்காமல் வாயைப் பிளந்து மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி எப்சம் உப்பு. நாட்டு மருந்துக் கடையில் பேதி உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். தண்ணீர் கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில் இருக்கட்டும். பாதம் முழுக மட்டும் ஊற்றிக் கோழியைப் பதினைந்து, இருபது நிமிடம் நிற்கவையுங்கள். அந்தத் தண்ணீரை அது குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரே சொல்கிறது, பேதியாகும். இந்த ஊறலில் பொருக்கு சுண்டைக்காய் வற்றல் ஊறியதுபோல் இளகி, ஓரம் வெளுத்து மேலெழும்பும். எழும்பவில்லையென்றால் பிய்க்காதீர்கள். மறுநாள் மறுபடி ஊறவையுங்கள். மூன்று நாள் ஆனாலும் பரவாயில்லை.

கோழியைப் பழைய துண்டில் இறக்கையோடு சேர்த்துச் சுற்றுங்கள். கண்ணை ஒரு துணியால் மூடினால் திமிறாது. பிடித்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும், ஆனால் மார்பை அழுத்தவே கூடாது. பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு எழுந்து தாழ்ந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தே கோழியைக் கொன்றுவிட முடியும்.

பிடித்திருப்பவரும் வேலை செய்பவரும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இதே கிருமி நம் தோலிலும் கட்டி வரவழைக்கும். அதே காரணத்துக்காக, சமையலறை மேடை இந்த வேலைக்கான இடமல்ல.

போவிடோன் அயோடின் 5 சதவீதக் கரைசலில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்தால் மெல்லிய டிகாஷன் நிறம் வரும். அதில் பாதத்தைத் துடையுங்கள். கொதிநீரில் பத்து நிமிடம் போட்டெடுத்த சாமணத்தால் பொருக்கின் ஓரத்தைப் பிடித்து, மெல்ல, பாதத்துக்கு நேராக மேல்நோக்கி இழுங்கள். சரியாக ஊறியிருந்தால் பொருக்கோடு ஒட்டிக்கொண்டு மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு வால் வெளிவரும். அதுதான் உருண்டையின் முனை. சில சமயம் முழுவதும் ஒரே துண்டாக, கடலைப்பருப்பு அளவில் வந்துவிடும்; பெரும்பாலும் திப்பி திப்பியாகத்தான் வரும். வந்தவரை எடுங்கள். பிதுக்காதீர்கள். பிதுக்கும்போது உறை கிழிந்து சீழ் உள்பக்கமாகத் தசைநாணை நோக்கிப் போய்விடும். காலாணி கெட்டுப்போவதற்கு அவசரப் பிதுக்கலைப் போல இன்னொரு காரணமில்லை. சாமணத்தில் இழுபடும் வெள்ளை நார், இழுக்கும்போது விரலையும் அசைத்தால் அது சீழல்ல, தசைநாண். விட்டுவிடுங்கள்.

ரத்தம் வரும். சுத்தமான காஸ் துணியை வைத்து ஐந்து நிமிடம் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது. பத்து நிமிடம் கழிந்தும் நிற்கவில்லையென்றால் கட்டுப்போட்டு மருத்துவரிடம் கிளம்புங்கள்.

குழியைக் கழுவ, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய ஒன்றரைத் தேக்கரண்டி. 20 மில்லி சிரிஞ்சில் ஊசியைக் கழற்றிவிட்டுப் பீய்ச்சுங்கள், தண்ணீர் தெளிவாக வரும்வரை. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்தால் சுத்தமாவது போலத்தான் இருக்கும். தினமும் ஊற்றினால் புதிதாக வளரும் சதையையும் சேர்த்து எரித்துவிடும்.

களிம்பு போவிடோன் அயோடின் போதும், சில்வர் சல்ஃபாடயசினும் நல்லதுதான். வாங்கும்போது ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘கெய்ன்’ என்று முடியும் மரப்பு மருந்து, லிக்னோகெய்ன், பென்சோகெய்ன் போன்றவை, கலந்திருந்தால் வேண்டாம். அளவு தப்பினால் பறவைக்கு வலிப்பு வரும், இதயம் நின்றும் போகும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற பெயர்கள் இருந்தால் அவை ஸ்டீராய்டு. அரிப்புக்கு வாங்கி வீட்டில் மீந்துகிடக்கும் கலவைக் களிம்புகளில் இவை சாதாரணமாக இருக்கும். புண் ஆறுவதைத் தடுத்துத் தொற்றை வளர்க்கும்.

கட்டுப்போடுவதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. புண்மேல் களிம்பு தடவிய, ஒட்டாத பஞ்சுத் துணி. அதைச் சுற்றி ஒரு வளையம். உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டையுள்ள வளையம். ஓட்டைக்கு நேராகப் புண் இருக்கும், கோழியின் எடை வளையத்தின்மேல் விழும். ஏ.சி. குழாய்க்கு மேல் போடும் கறுப்பு ஃபோம் துண்டு இதற்கு அற்புதமாகப் பொருந்தும். பிறகு காஸ், அதன்மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் பேண்டேஜை ஒரு அங்குல அகலத்துக்கு நறுக்கிச் சுற்ற வேண்டும். பாதத்துக்கு மேலே காலில் ஒரு சுற்று, அங்கிருந்து இரண்டு விரல்களுக்கு நடுவே கீழிறக்கி, அடிப்பாதத்தைக் கடந்து, அடுத்த இடுக்கு வழியாக மேலேற்ற வேண்டும். இழுத்துக் கட்டாதீர்கள், வைத்து அழுத்தினால் அதுவே ஒட்டும். அரைமணி கழித்து விரல் நுனிகளைத் தொட்டுப் பாருங்கள். வீங்கியோ சில்லிட்டோ இருந்தால் அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள். சிவப்பு நிற பேண்டேஜ் வாங்க வேண்டாம், மற்ற கோழிகள் விடாமல் கொத்தும்.

முதல் மூன்று நாள் தினமும் அவிழ்த்துக் கழுவிக் கட்ட வேண்டும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தக் கணக்கு செல்லாது: கட்டு நனைந்தால் அப்போதே மாற்ற வேண்டும், ஈரக்கட்டு கட்டில்லாததைவிட மோசம். திறந்த புண்ணில் ஈ உட்கார்ந்தால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும் என்பதால் கோழியைக் கொசுவலை போட்ட பெட்டியில் வையுங்கள். ஆனால் மற்ற கோழிகள் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். முழுதாகப் பிரித்து வைத்தால் திரும்ப விடும்போது அந்நியனாக நினைத்து அடிக்கும்.

குழி சிவப்பாக, ஈரமாக, அடியிலிருந்து மேலேறி நிரம்பினால் ஆறுகிறது என்று அர்த்தம். இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். பத்து நாளாகியும் பொருக்கு அதே அளவில் திரும்பத் திரும்ப வந்தால் உள்ளே உருண்டை மிச்சமிருக்கிறது, அல்லது எலும்பு தொடப்பட்டிருக்கிறது, அல்லது கிருமி மருந்துக்கு அடங்காத வகை. மூன்றையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய முடியாது. சீழிலுள்ள கிருமியை வளர்த்து, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். இன்னொரு காலையும் பாருங்கள், எடை முழுவதையும் தாங்கிய அந்தக் காலிலும் ஆணி கிளம்பியிருக்கலாம்.

ஆன்டிபயாடிக்கை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டாம். தண்ணீரில் கலக்கும் பொடியை நோய்ப்பட்ட கோழி எவ்வளவு குடித்தது என்று யாருக்கும் தெரியாது. அரைகுறை அளவு கிருமியைப் பழக்கிவிடும். மருந்து கொடுக்கும் நாட்களிலும், நிறுத்திய பிறகு மருத்துவர் சொல்லும் நாட்கள் வரையிலும் முட்டையைக் கொட்டிவிட வேண்டும், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கக் கூடாது. வலிக்கு வீட்டிலிருக்கும் டைக்ளோஃபினாக் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் வேண்டாம். அந்த ஊசி போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் பழுதாகிக் கூட்டம் கூட்டமாக மடிந்ததால்தான் 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது.

இவ்வளவும் செய்து ஆறிய கோழியைப் பழைய தரையிலேயே விட்டால் மழைக்காலம் முடிவதற்குள் ஆணி திரும்பிவிடும். மொட்டை மாடியின் சிமெண்டுத் தரை கோழிக்கு ரம்பம் மாதிரி. கம்பி வலைத் தரை அதைவிட மோசம். மூன்று, நான்கு அங்குலத்துக்கு நெல் உமியோ தேங்காய் நார்க்கழிவோ பரப்பி, வாரம் இருமுறை கிளறிவிட்டு, ஈரமான இடத்தை அள்ளிப்போட வேண்டும். மணல் பரப்ப நினைத்தால் கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து எம்-சாண்டை அள்ளி வராதீர்கள். அது கல்லை உடைத்துச் செய்தது, ஒவ்வொரு பருக்கையும் கூர்முனையோடு இருக்கும். தண்ணீர்த் தட்டைச் சுற்றித்தான் முதலில் ஈரமாகும், அதை ஒரு செங்கல்மேல் தூக்கி வையுங்கள்.

ராத்திரி அடையும் கட்டை ஒன்றரை அடி உயரத்துக்கு மேல் வேண்டாம். மூன்றரை கிலோ பெருவிடைக் கோழி நான்கடி உயரத்திலிருந்து தினமும் சிமெண்டில் குதித்தால் பாதம் எவ்வளவு நாள் தாங்கும்? இரண்டு அங்குல அகல மரச்சட்டம், மேல்விளிம்பு மழுங்க உப்புத்தாளில் தேய்த்தது, சிலாம்பு இல்லாதது. பிவிசி குழாய் வழுக்கும், பிடித்துக்கொள்ள விரலை இறுக்கி இறுக்கியே அடிப்பாதம் தேயும்.

தீனியிலும் ஒரு விஷயம். மீந்த சோறு, நொய், இட்லி இதையே தின்னும் கோழி எடை போடும், ஆனால் தோல் பலமாக இருக்கத் தேவையான வைட்டமின் ஏ அதில் இல்லை. முட்டைக்கோழித் தீவனத்தை முக்கிய உணவாக வைத்து, தினம் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை போடுங்கள்.

கட்டுப் பிரித்த கோழியைப் பகலில் கூட்டத்துக்குள் விடாதீர்கள். இருட்டிய பிறகு, மற்றவை அடைந்ததும், கட்டையில் அவற்றின் பக்கத்தில் உட்காரவையுங்கள். விடிந்ததும் அரைமணி நேரம் பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். கொத்து விழுந்தால் அன்றைக்குப் பிரித்துவிட்டு, மறுநாள் இரவு மறுபடி முயலலாம்.

வணக்கம்.