மூடிக்குள் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

சின்ன ரேடியோவில் கேட்கிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. பாட்டின் அடிநாதத்தைத் தரும் பேஸ் கிதாரின் தடித்த கம்பியை மீட்டினால் அது நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிரும். உள்ளங்கை அகல ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழே இறங்க வராது. மேலே எழும் கிளை அதிர்வுகளைப் பிடித்துக்கொண்டு மீதியை நம் காதே நிரப்பிக்கொள்கிறது. அதனால் இன்றைக்கு வாசித்துக் காட்டப் போவதில்லை. அந்த ஒலியைத் தந்த பழைய மரத்தையும் காந்தத்தையும் பற்றிப் பேசுகிறேன்.

கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை நடத்தியவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. ஆனால் வாசிப்பவர்களின் கஷ்டம் தெரியும். வயலின் மாதிரி உருவத்தில் ஆள் உயரம் இருக்கும் டபுள் பேஸை ஊர் ஊராகச் சுமக்க வேண்டும். மேடையில் டிரம்ஸும் டிரம்பெட்டும் சேர்ந்தால் அது காதிலேயே விழாது. 1951-இல் அவர் கொண்டுவந்ததுதான் பிரிசிஷன் பேஸ். கழுத்தில் ஃப்ரெட் என்ற உலோகக் கம்பிகளைக் குறுக்கே பதித்திருந்ததால் விரல் கொஞ்சம் முன்பின் பட்டாலும் சுருதி விலகாது. பிரிசிஷன் என்றால் துல்லியம்; பெயருக்குக் காரணம் அதுதான். கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம் என்று அன்று வைத்தார். இன்றும் பெரும்பாலான பேஸ்களுக்கு அதுதான் அளவு.

முதலில் வந்தது வெறும் பலகை மாதிரி இருக்கும், விளிம்பு விலாவில் குத்தும். 1954-இல் அதை இழைத்து வளைவு கொடுத்தார்கள். 1957-இல், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருளான பிக்கப்பையே இரண்டாகப் பிளந்து, இரண்டு கம்பிக்கு ஒரு சுருளாகத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். இரண்டு சுருளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை என்பதால் மின்சார இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும். கம்பிக்கு ஒரு காந்தம் இருந்த இடத்தில் இரண்டு வந்ததால் ஒலியும் உருண்டு திரண்டது.

அந்தக் காலத்துப் பேஸில் பிக்கப் மேல் ஒரு குரோம் மூடி, கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் மேல் ஒரு குரோம் மூடி இருக்கும். பலர் கைக்கு இடைஞ்சல் என்று இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டார்கள். எனக்கு அதில் இன்றும் வருத்தம்தான். பழுது பார்க்க வந்த அறுபதுகளின் பிரிசிஷன் ஒன்றைத் திறந்தபோது, பிரிட்ஜ் மூடிக்குள் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சு விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. அதே அளவில் புதுத் துண்டு வெட்டி ஒட்டி மூடினேன். அதுவரை ‘டிங்ங்’ என்று இழுத்துக்கொண்டிருந்த கம்பி, ‘டும்’ என்று சொல்லி நின்றது. டபுள் பேஸின் குரல்! அதற்காகத்தான் அந்த ஸ்பாஞ்சை வைத்திருந்தார்கள்.

அந்த ‘டும்’மைக் கலையாக்கியவர் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனி ஸ்டூடியோவில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன். டபுள் பேஸிலிருந்து வந்தவர். அவருடையது 1962 மாடல் பிரிசிஷன், மூடி கழற்றாதது. பட்டையாகச் சுற்றிய கனமான கம்பிகள். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டாராம். வலக்கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் மீட்டும். அறுபதுகளின் மோட்டவுன் பாட்டு ஏதாவது கிடைத்தால் பாடகரை விட்டுவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் கேளுங்கள். அங்கே இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

அப்புறம் ஃபெண்டரிடமிருந்தே 1960-இல் வந்த ஜாஸ் பேஸ். கழுத்து நுனியில் பிரிசிஷனுக்கு இருந்த ஒன்றே முக்கால் அங்குல அகலம் இதில் ஒன்றரையாக ஒடுங்கியது, இடக்கை பறக்கும். பிக்கப் இரண்டு. பிரிட்ஜை ஒட்டியதைக் கூட்டினால் மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு குரல் வரும். பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பேஸில் ஃப்ரெட்டுகளையே பிடுங்கிவிட்டு வாசித்தார்.

ஜெர்மனியின் ஹாஃப்னர் 500/1 வேறு ஜாதி. வயலின் உருவம், உள்ளே கூடு, கையில் எடுத்தால் கனமே தெரியாது. இரு பக்கமும் ஒரே வடிவம் என்பதால் இடக்கைக்காரரான பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னிக்குப் பிடித்துப்போனது. 1961-இல் ஹாம்பர்க்கில் வாங்கினார். 1972-இல் லண்டனில் களவுபோன அந்தப் பேஸ், இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்து அவரிடமே திரும்பிய சேதி 2024-இல் வந்தது.

ஜேமர்சனின் பேஸுக்கு அந்த யோகம் இல்லை. 1983-இல் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு திருடுபோனது. அதுவும் ஏதோ ஒரு பரணில் கிடக்கலாம். என்றாவது அதை எடுப்பவர், தயவுசெய்து, அந்தக் கம்பிகளை மாற்றிவிடாமல், மூடிக்குள் இருக்கும் ஸ்பாஞ்சைக் குப்பையில் போடாமல் இருக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.