ரசிகர்கள் எடுத்துவைத்த கதைகள்

(2025 டிசம்பரில், வெள்ளவத்தையில் விஞ்ஞானப் புனைகதை, ஃபேன்டஸி ரசிகர்கள் கூடிய சிறு கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

சபையில் இருக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

வருடம் முடியப்போகிறது, நாங்கள் கொண்டாடிய கதைகளைப் பற்றி ஒருமுறை கதையுங்கள் என்று தம்பிமார் கேட்டார்கள். எல்லாவற்றையும் தொட்டுப் போனால் ஒன்றையும் சொன்னதாக இராது. ஆகவே என்னை உலுப்பிய சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பேய் வேட்டைக்குப் போகிற கொரியப் பாடகிகளின் படத்தைப் பற்றி என் மருமகள் எனக்குப் பிறகு பேசுவாள். அதை அவளைவிட நன்றாக இங்கே யாராலும் சொல்ல முடியாது.

முதலில் ஆன்டோர். ஸ்டார் வார்ஸ் உலகத்துத் தொலைக்காட்சித் தொடர். ஏப்ரல் கடைசியில் தொடங்கி, கிழமைக்கு மூன்று பாகமாக வந்து, மே நடுப்பகுதியில் இரண்டாவது சீசனோடு முற்றாக முடிந்துவிட்டது. ஒளிவாள் சண்டையை எதிர்பார்த்து இருந்தவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் கோர்மன் இருந்தது.

கோர்மன் ஒரு கிரகம். சிலந்தி நூலில் துணி நெய்கிற, தங்கள் மொழியிலும் நடையுடையிலும் பெருமை உள்ள சனம். அந்த மண்ணுக்கு அடியில் பேரரசுக்கு வேண்டிய ஒரு கனிமம் கிடக்கிறது. அதைத் தோண்டினால் அங்கே சனம் வாழ இடம் மிஞ்சாது. உடனே படை வரவில்லை. அதிகாரிகளும் பிரசாரக்காரரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கோர்மன் சனம் திமிர் பிடித்தவர்கள், யாருக்கும் அடங்காதவர்கள் என்று மற்ற உலகங்களை எப்படி நம்பவைப்பது என்று ஆறுதலாகத் திட்டம் போடுகிறார்கள். அப்புறம்தான் சதுக்கம். சனம் கூடித் தங்கள் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கையில் சுடுகிறார்கள். செத்தவர்கள்தான் குற்றவாளிகள் என்று செய்தி போகிறது. செனட்டில் மொன் மொத்மா என்ற பெண் எழுந்து, நடந்தது இனப்படுகொலை என்று பெயர் சொல்லிச் சொல்கிறாள்.

அதை நாங்கள் சிலபேர் ஒன்றாக இருந்து பார்த்தோம். பார்த்து முடிந்ததும் கதை 83ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் போனது, சோதனைச் சாவடிகளுக்குப் போனது. கொழும்பின் பெருவீதியான காலி வீதியில் நடக்கும்போது அடையாள அட்டையைச் சட்டைப் பையில்தான் வைப்பேன், காற்சட்டைப் பைக்குள் கையை விட்டால் ஆமிக்காரர் பதறுவார்கள் என்று ஓர் அண்ணர் சொன்னார். பக்கத்தில் இருந்த அவருடைய மகன் அதை அன்றுதான் முதல்முறை கேட்டான். எங்கேயோ எழுதி எங்கேயோ எடுத்த ஒரு விண்வெளிக் கதை, ஒரே வீட்டில் இருக்கிற தகப்பனையும் மகனையும் கதைக்க வைத்தது. இந்த வருடத்தில் நான் கண்ட பெரிய விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கோர்மன் படுகொலை புதிதாகக் கட்டியதல்ல. பல வருடங்களுக்கு முன் வந்த ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடுகிற ஸ்டார் வார்ஸ் ரோல்பிளேயிங் விளையாட்டின் கையேடுகளில் சில வரிகளாகத்தான் கிடந்தது. திரைப்படங்களில் வராத அந்த வரிகளைச் சொல்லிச் சொல்லி, எழுதி வைத்து, மறக்க விடாமல் வைத்திருந்தவர்கள் ரசிகர்கள். எடுத்துவைத்த ஆட்கள் இருந்ததால்தான் பின்னால் வந்த ஒருவருக்கு அதைக் கையில் எடுத்து ஒரு பெரிய கதையாக்க முடிந்தது. ரசிகருடைய வேலைகளில் முதலாவது எடுத்துவைப்பது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான்.

இதற்கு டாக்டர் ஹூவைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. 1963 நவம்பரில் பிபிசியில் தொடங்கிய காலப்பயணத் தொடர். அந்தக் காலத்தில் வீடியோ ரேப், அதாவது பதிவு நாடா, விலை கூடிய பொருள். நடிகர் சங்கத்தோடு செய்த ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சியை நினைத்தபடி மறுஒளிபரப்புச் செய்யவும் முடியாது. பிற்காலத்தில் ஆட்கள் இதை வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பார்கள் என்று யாரும் கனவிலும் நினைக்கவில்லை. ஆகவே ஒளிபரப்பு முடிந்த ரேப்புகளை அழித்துவிட்டு அவற்றிலேயே வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்தார்கள். முதல் ஆறு வருடத்துப் பாகங்களில் 90க்கும் அதிகமானவற்றின் படம் இன்று இல்லை.

ஆனால் ஒலி இருக்கிறது. காணாமல் போன ஒவ்வொரு பாகத்தின் ஒலியும் இருக்கிறது. எப்படி? பள்ளிக்கூடம் போகிற வயதில் இருந்த ரசிகர்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு பதிவு செய்தார்கள். தேர்ந்தவர்கள் பெட்டியிலிருந்தே வயரை இழுத்து ரெக்கோடரில் கொளுவினார்கள். திரும்ப ஒருமுறை கேட்க வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். நிறுவனம் அழித்ததைப் பிள்ளைகளின் ஆசை மிச்சம் வைத்தது. பிறகு அந்த ஒலிக்கு அனிமேஷன் படம் வரைந்து சேர்த்து பிபிசியே வெளியிட்டது. வெளிநாடுகளுக்கு விற்ற ஃபிலிம் பிரதிகளில் சில ஹொங்கொங்கிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் கிடைத்தன. நைஜீரியாவில் ஒன்பது பாகங்கள் மீண்டது 2013இல்.

வீல் ஆஃப் டைம் என்ற ஃபேன்டஸித் தொடரின் ரசிகர்களுக்கு இது கவலையான வருடம். மூன்றாவது சீசன் நன்றாக வந்திருந்தும் மே மாதத்தில் தொடரை நிறுத்திவிட்டார்கள். மனுப் போட்டார்கள், கையெழுத்துச் சேர்த்தார்கள், பலிக்கவில்லை. 1968இல் ஸ்டார் ட்ரெக்குக்குக் கடிதம் எழுதிக் குவித்த ரசிகர்கள் மூன்றாவது சீசனை வாங்கிக் கொடுத்தார்கள். 1976இல் நாசாவின் முதல் விண்ணோடத்துக்கு அந்தக் கதையின் கப்பற்பெயரையே வைக்கப்பண்ணினார்கள். எல்லா முறையும் அப்படி நடக்காது. என்றாலும் வீல் ஆஃப் டைம் நாவல்களே ஒரு ரசிகரின் கையால் நிறைவு பெற்றவை. ஆசிரியர் ரொபர்ட் ஜோர்டன் 2007இல் காலமானபோது கதை முடியவில்லை. சிறுவயதிலிருந்து அதை வாசித்து வளர்ந்த பிரண்டன் சாண்டர்சன் எழுதிய அஞ்சலியைப் படித்துவிட்டு, ஜோர்டனின் மனைவியும் பதிப்பாசிரியருமான ஹரியட் அவரையே கூப்பிட்டார். ஆசிரியர் விட்டுப்போன குறிப்புகளை வைத்துக் கடைசி மூன்று பாகங்களை 2013க்குள் அவர் எழுதி முடித்தார். தொலைக்காட்சி நிறுத்தினாலும் அந்த 14 பாகமும் அலுமாரியில் இருக்கிறது.

சரி, எங்கள் ஊருக்கு வருவோம்.

ஒக்டோபரில் வஜ்ர சந்திரசேகரவின் ரேக்ஸ்ஃபோல் நாவலுக்கு உர்சுலா லெ குவின் புனைகதைப் பரிசு கிடைத்தது. கொழும்புக்காரர். போன வருடம் இவருடைய முதல் நாவலுக்கு விஞ்ஞானப் புனைகதை, ஃபேன்டஸிக்கான நெபியூலா விருது கிடைத்ததும் உங்களுக்குத் தெரியும். ரேக்ஸ்ஃபோலின் தொடக்கத்திலேயே ஒரு ரசிகர் கூட்டம் வருகிறது: இரண்டு பிள்ளைகளைப் பற்றிய ஒரு தொடரைப் பார்த்துக்கொண்டே இருக்கிற கூட்டம். ஆங்கில விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இங்கே குடிவந்து, 2008இல் இறக்கும்வரை இங்கேயே இருந்து, பொரளை கனத்தையில் அடங்கினார். விண்வெளிக்கு மின்தூக்கி கட்டுகிற தன் கதைக்காக இந்தத் தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளிப் பூமத்திய ரேகையில் வைத்தார். அது அன்போடு பார்த்த ஒரு விருந்தாளியின் பார்வை. வஜ்ர எழுதுவது இந்த மண்ணின் கலவரத்தையும் முகாமையும் உள்ளிருந்து பார்த்த எழுத்து. கிளார்க்கை மதிக்கிறேன், ஆனால் எனக்கு இது நெருக்கம். இதைத் தமிழில் கொண்டுவர உங்களில் ஒருவர் முன்வர வேண்டும்.

இனி எங்கள் சொந்தப் பெட்டியைத் திறப்போம். என் வயதுக்காரருக்கு விஞ்ஞானப் புனைகதை இரும்புக்கை மாயாவியில் தொடங்கியது. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர்தான். மின்சாரம் பாய்ந்தால் ஆள் முழுக்க மறைந்து இரும்புக் கை மட்டும் காற்றில் தெரியும். எழுபதுகளில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. பிறகு யுத்தம், பொருளாதாரத் தடை. ஒரு பிரதி ஊர் முழுக்கச் சுற்றி அட்டை கழன்று வரும், தைத்துக் கொடுப்போம்.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போன பிறகு புத்தகத்தைப் பற்றிக் கதைக்கவே மனம் கூசுகிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். களனி கங்கை பெருகி, கொலன்னாவைப் பக்கம் ஒரு நண்பரின் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. வடிந்த பிறகு போனேன். கீழ்த்தட்டில் இருந்த காமிக்ஸ் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தது. சாணித்தாள், தண்ணீரைக் குடித்து இரண்டு மடங்கு தடித்திருந்தது. நடுவில் குத்திய கம்பி துருப்பிடித்து ஒவ்வொரு நடுப்பக்கத்திலும் இரண்டு மண்ணிறக் கோடு. அவர் நிலத்தில் இருந்து, பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைத் தாள் செருகி, மின்விசிறிக் காற்றில் காயவைத்துக்கொண்டிருந்தார். வெயிலில் போட்டால் தாள் சுருளும், மை வெளிறும். உடனே காயவைக்க முடியாதவற்றைப் பொலித்தீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்திருந்தார். பூஞ்சணம் பிடிக்காது, ஆறுதலாக எடுத்துக் காயவைக்கலாம். உங்கள் வீட்டிலும் நனைந்தது இருந்தால் எறியாதீர்கள், இப்படிச் செய்யுங்கள்.

மாயாவியைச் சிவகாசியில் திரும்ப அச்சடித்துவிட்டார்கள், அவர் தப்பிவிட்டார். அந்தக் கட்டிக்கு நடுவில் இன்னொன்று இருந்தது: நண்பர் பள்ளியில் படித்த காலத்தில் வகுப்புப் பெடியளோடு சேர்ந்து நடத்திய கையெழுத்துப் பத்திரிகை. கொப்பித் தாளில் பென்சிலால் வரைந்த விண்கப்பல், நீல மையில் தொடர்கதை. ஒரேயொரு பிரதி. மை கரைந்து கதையின் பாதி போய்விட்டது. அதற்கு வேறு எங்கும் நகல் இல்லை.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 அளவில் நூல்கள் போயின. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய எண்ணிம நூலகத்தால் இன்று ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் வீட்டிலிருந்தே வாசிக்கிறோம். பெடியளின் கையெழுத்துப் பத்திரிகையை யாராவது கொண்டுபோய்க் கொடுத்தால்தானே அவர்களும் வைக்க முடியும்?

ஓகஸ்டில் லோகா என்ற மலையாளப் படம் வந்தபோது எங்கள் பிள்ளைகள் கள்ளியங்காட்டு நீலியைக் கொண்டாடினார்கள். எனக்கும் மிகவும் பிடித்தது. ஐதீகமாலை என்ற மலையாளக் கதைத்தொகுப்பில் எழுதிவைத்த யட்சி அவள்; எழுதிவைத்ததால் இன்று திரைக்கு வந்தாள். எங்கள் கொத்திப் பேயும் பனங்காட்டு முனியும் அம்மம்மாமாரின் வாயில்தான் இருக்கின்றன. மணிமேகலையை அவளுடைய தெய்வம் தூக்கிக்கொண்டுபோய் இறக்கிய மணிபல்லவம் நயினாதீவுதான் என்று சொல்கிறவர்கள் நாங்கள். இந்த மண்ணில் ஃபேன்டஸிக்குப் பஞ்சமில்லை. எல்லோர் கையிலும் ஃபோன் இருக்கிறது. அம்மம்மா கதை சொல்லும்போது பக்கத்தில் வைத்துப் பதியுங்கள். எந்த ஊர், யார் சொன்னது, எந்தத் திகதி என்று முதலில் உங்கள் குரலில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

வருகிற போயா (பௌர்ணமி) அன்று காலை ஒன்பது மணியிலிருந்து இதே மண்டபத்தில் ஸ்கேனர் ஒன்று இருக்கும், கசெற்றைக் கணினிக்கு மாற்றுகிற ஏற்பாடும் இருக்கும். கையெழுத்துப் பத்திரிகை, ரசிகர் கடிதம், பழைய வானொலி நாடகம் பதிந்த கசெற், எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். துருப்பிடித்த கம்பியை நீங்களாக இழுக்க வேண்டாம், தாள் கிழியும், நாங்கள் கழற்றுகிறோம். கசெற்றை ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம், அப்படியே தாருங்கள். அன்றே திருப்பித் தந்துவிடுவோம். தூக்கிக்கொண்டு வர முடியாத வயதானவர்கள் இருந்தால், வாசலில் நிற்கிற தங்கச்சியிடம் விலாசத்தைக் கொடுத்துவிட்டுப் போங்கள். நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம்.