பால் கவரைக் கழுவிக் காயப்போடுங்க | மறையூர் வ்லாக்

வணக்கம் மக்களே! இப்ப மறையூர்ல பாம்பாற்றுக் கரையில நிக்கிறேன். பின்னாடி பாருங்க, பாறை இடுக்கெல்லாம் பால் கவர், சிப்ஸ் பாக்கெட்டு, தண்ணி பாட்டில். பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு.

கேரளாவுல இருக்கிற 44 ஆறுல கிழக்க ஓடுறது மூணே மூணுதான். கபினி, பவானி, அப்புறம் நம்ம பாம்பாறு. இந்தத் தண்ணி சின்னாறு காட்டு வழியா அமராவதி அணைக்குப் போகுது. உடுமலை, தாராபுரம் வயலுக்கெல்லாம் பாயுது, கரூர்கிட்ட காவிரியில சேருது. நமக்குப் பொண்ணு கொடுத்து எடுத்த ஊருங்க அதெல்லாம். இங்க வீசுற கவர் மக்காது. வெயில்ல நொறுங்கித் துணுக்காகி, அந்தத் தண்ணியோடயே போகும். வழியில யானை, மான் எது வேணா தின்னும்.

தமிழ்நாட்டுல 2019-லயும் கேரளாவுல 2020-லயும் கேரி பேக்குக்குத் தடை வந்துச்சு. நல்லதுதான். ஆனா பால் கவர் இன்னும் தினமும் வீட்டுக்குள்ள வருதே?

"அதான் வீடு வீடா பிளாஸ்டிக் சேகரிக்கிற ஹரித கர்ம சேனா அக்காங்க மாசாமாசம் வந்து வாங்கிட்டுப் போறாங்களே"ன்னு சொல்வீங்க. நாம எப்படிக் கொடுக்கிறோம், அதைச் சொல்லுங்க. குழம்பு ஒட்டினது, புளிச்ச பால் நாறுறது எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டிக் கொடுக்கிறோம். அந்த அக்காங்க கையாலதான் அதைப் பிரிக்கணும். அழுக்குப் பிளாஸ்டிக்கை உருக்கினா சரக்கு தரமா வராது, வாங்குறவங்களும் வேண்டாம்னுடுவாங்க. சுத்தமா இருந்தா பால் கவரை உருக்கிக் குருணையாக்கி டியூப், தொட்டின்னு பண்ணலாம். தண்ணி பாட்டிலை நொறுக்கி நூலாவே இழுக்கிறாங்க. மூடி வேற ஜாதி பிளாஸ்டிக். நொறுக்கினதைத் தண்ணியில போட்டா பாட்டில் துண்டு அடியில போயிடும், மூடித் துண்டு மேல மிதக்கும். அப்படியே பிரிச்சு எடுத்துடலாம்.

சிப்ஸ் பாக்கெட்டுதான் பெரிய தொல்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்கா ஒட்டியிருக்கும், பிரிக்கிறது ரொம்பக் கஷ்டம். அதுல நெறைய சிமெண்டு ஆலைக்கு எரிபொருளாத்தான் போகுது. அதனால அதை வாங்குறதையே குறைங்க, பிள்ளைங்களுக்கு முறுக்கு சுட்டுக் கொடுங்க.

இன்னொண்ணு, கெஞ்சியே கேக்குறேன். வெந்நீர் அடுப்புல பிளாஸ்டிக் போடாதீங்க. பிவிசி பைப்புத் துண்டு, வயரு எரிஞ்சா டையாக்சின்னு ஒரு நஞ்சு வரும். சிமெண்டு சூளைச் சூடு ஆயிரம் டிகிரிக்கும் மேல, நம்ம அடுப்பு எங்க அந்தச் சூட்டுக்குப் போகும்? அந்தப் புகையை மொதல்ல இழுக்கிறது அடுப்புகிட்ட நிக்கிற அம்மாதான்.

நான் கேக்குறது சின்ன வேலை. பால் கவர் முனையை முழுசா வெட்டி எறியாதீங்க. அந்தச் சின்னத் துண்டு யார் கைக்கும் சிக்காது, நேரா சாக்கடைக்குத்தான் போகும். பாதி வெட்டிப் பாலை ஊத்துங்க, பாத்திரம் கழுவின தண்ணியிலயே அலசுங்க, கொடியில கிளிப் மாட்டித் தொங்கவிடுங்க. மழைக்காலம்னா அடுப்படிக்குள்ளயே ஒரு கயிறு கட்டிக்கோங்க. காய்ஞ்சதும் ஒரு சாக்குல போட்டு வைங்க, அக்காங்க வர்றப்ப அப்படியே எடுத்துக் கொடுத்துடலாம்.