ஹீமோஃபிலியா ஏ: ஊசி போட்ட நேரத்தைப் பார்த்து விளையாடுங்கள்

[திரையில்: மாட்டுங்கா ஸ்டேஷன், காலை நெரிசல்]

"இனிமே ஓடாதே, ஆடாதே." ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா என்று தெரிந்ததும் மும்பை தாராவியிலும் செம்பூரிலும் தமிழ் வீடுகளில் முதலில் விழும் பேச்சு இதுதான். ஆனால் உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை இளைக்கும். தாங்க வலுவில்லாத முட்டியில் ரத்தக்கசிவு இன்னும் கூடும். ஆடலாம்; எப்போது என்பதில்தான் சூட்சுமம்.

[திரையில்: இறங்கும் கோடு]

கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ளவருக்கு, ரத்தம் உறைய உதவும் புரதமான ஃபேக்டர் 8 இயல்பான அளவில் ஒரு சதவீதம்கூட இருக்காது. அதை ஊசியாக எடையில் கிலோவுக்கு ஒரு யூனிட் போட்டால் சுமார் 2 சதவீதம் ஏறும். 60 கிலோ ஆளுக்கு 1500 யூனிட் என்றால் 50 சதவீதம். ஏறக்குறைய 12 மணி நேரத்துக்கு ஒருமுறை அது பாதியாகும். திங்கள் காலை ஊசி போட்டதும் 50, இரவு 25, செவ்வாய் காலை 12 சொச்சம், புதன் காலை வெறும் 3. ஆகவே நீச்சலும் பேட்மின்டனும் திங்களன்று. செவ்வாய் நடை போதும். புதன் காலை ஊசிக்கு முன் படிக்கட்டில் ஓடி லோக்கல் ரயிலைப் பிடிக்காதீர்கள், அடுத்த வண்டி வரும். கபடி, குத்துச்சண்டை எந்த நாளிலும் வேண்டாம்.

இறங்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் வேகத்தையும் டோஸையும் ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வழக்கமான டோஸ் திடீரென்று பலிக்கவில்லையா? மருந்தையே எதிர்க்கும் இன்ஹிபிட்டர் உருவாகியிருக்கலாம். உடனே சோதிக்கச் சொல்லுங்கள்.

ஃபேக்டர் 8-இன் வேலையைச் செய்யும் எமிசிசுமாப் மருந்தைத் தோலடி ஊசியாகப் போடுபவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் இல்லை. அதற்காகப் பெரிய அடி பட்டால் ஃபேக்டர் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

[திரையில்: மருந்துக் குப்பி, கைகள்]

ஃபேக்டர் மருந்தைக் கலக்கும்போது குப்பியைக் குலுக்காதீர்கள், நுரைத்துப் புரதம் கெடும், மெல்லச் சுழற்றுங்கள். பையில் எடுத்துப் போனால் ஐஸ் பேக் குப்பியை ஒட்டக் கூடாது. உறைந்த மருந்து வீண்.

முட்டிக்குள் குறுகுறுப்பும் சூடும் வந்தாலே கசிவு தொடங்கிவிட்டது. வீக்கம் வரட்டும் என்று பலர் காத்திருப்பதுதான் மூட்டைக் கெடுக்கிறது. உடனே ஃபேக்டர், பிறகு துணியில் சுற்றிய ஐஸ், ஓய்வு. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். மெடிக்கல் கடையில் காம்பிஃப்ளாம் நீட்டினால் வாங்காதீர்கள், அதில் ஐபுப்ரோஃபென் இருக்கிறது. ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக்கும் ஆகாது.

அடிவயிற்றோரம் வலித்து, காலை நீட்ட முடியவில்லையா? இடுப்புத் தசைக்குள் கசிவாக இருக்கலாம். வெளியே தெரியாமல் நிறைய ரத்தம் போகும். ஃபேக்டர் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். தலையில் அடி என்றாலும் அப்படித்தான்: முதலில் ஊசி, அப்புறம் ஸ்கேன்.