பழி நகரத்துக்கா, பஸ் காசுக்கா?

நடுவர் அவர்களே, அவையோர்களே, வணக்கம். ஏழை நாட்டுப் பிள்ளையை நகரத்தில் வளர்த்தால் மனம் கெட்டுப்போகும் என்பது எதிரணியின் கட்சி. அதற்குச் சாட்சியாக டென்மார்க்கைக் கூட்டிவந்தார்கள். 1999ல் வந்த அந்த ஆய்வை நான் மறுக்கவில்லை, 17.5 லட்சம் பேரை வைத்துச் செய்தது, கிராமப்புறத்தில் பிறந்தவர்களைவிடத் தலைநகரில் பிறந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு 2.4 மடங்கு என்றது. சரி. ஆனால் டென்மார்க் எப்போது ஐயா ஏழை நாடானது? பணக்கார வீட்டில் அளவெடுத்துத் தைத்த சட்டையை ஏழைப் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளையின் உடம்பில்தான் கோளாறு என்கிறார்கள்.

2018ல் இன்னொரு ஆய்வு வந்தது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகள் 42, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கெடுப்பில் பதில் சொன்னவர்கள் 2,15,000க்கும் மேல். நகரவாசிகளுக்கு மனச்சிதைவு போன்ற மனநோய் கூடுதல் என்று மொத்தத்தில் அதில் தெரியவே இல்லை. இப்போது எங்கே குடியிருக்கிறாய் என்றுதானே கேட்டார்கள், எங்கே வளர்ந்தாய் என்று கேட்கவில்லையே என்று எதிரணி அடுத்து எழும். நியாயமான கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக டென்மார்க் விடை ஏழை நாட்டுக்குப் பொருந்திவிடாது, அதை இங்கேயே தேடி நிரூபிக்க வேண்டியது அவர்கள் வேலை.

ஜிம்பாப்வேக்கு வாருங்கள். தலைநகர் ஹராரேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர். அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு இளம்பெண், நகரத்திலிருந்து வெகுதூரத்தில் இருந்தவர், தற்கொலை செய்துகொண்டார். மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துவரச் சொல்லியிருந்தேனே, ஏன் வரவில்லை என்று மருத்துவர் கேட்டதற்கு அந்தத் தாய் சொன்ன பதில்: பஸ்ஸுக்கு 15 டாலர் இல்லை.

நகரம் சொர்க்கம் என்று நான் வாதாடவில்லை. ஒரே அறையில் ஆறு பேர், ராத்திரி வேலை முடித்த அப்பா பகலில் தூங்குகிறார், அதனால் பிள்ளைகள் பகல் முழுக்க குசுகுசுவென்றே பேசி வளர்கிறார்கள், அது மனதைக் கசக்காதா? கசக்கும். ஆனால் கசக்குவது நகரமா, இன்னொரு அறைக்கு வாடகை இல்லாததா? அதே ஹராரேயிலும் மற்ற நகரங்களிலும் 2005ல் அரசே குடிசைகளையும் கடைகளையும் இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ இழந்தவர்கள் ஏழு லட்சம் பேர் என்றது ஐ.நா. அறிக்கை. இடித்தது புல்டோசர், பழி மட்டும் ஊருக்கா?

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2006ல் அதே மருத்துவர் சிபாண்டா, ஹராரேயின் எம்பாரே பகுதியில் 14 பாட்டிகளை மர பெஞ்சுகளில் உட்காரவைத்தார், மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களிடம் பேச. வருகிறவர்கள் மனச்சோர்வு என்று சொல்ல மாட்டார்கள், ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்பார்கள், அதாவது அளவுக்கு மீறி யோசிப்பது. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார், எந்தப் பிரச்சினையை முதலில் தீர்க்கலாம் என்று அவர்களையே எடுக்கச் சொல்வார். அவ்வளவுதான். முறைப்படி சோதித்த முடிவு 2016ல் வந்தது: ஆறு மாதத்துக்குப் பிறகு பெஞ்சுக்குப் போனவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு அறிகுறி இருந்தது, வழக்கமான சிகிச்சையில் விடப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு.

இது முதலில் நடந்தது நகரத்தில்தான் நடுவர் அவர்களே, பாட்டி நடந்துபோகும் தூரத்தில் இருந்ததால். எதிரணியிடம் ஒன்றே ஒன்று கேட்டு உட்காருகிறேன்: அந்தத் தாயிடம் இல்லாத 15 டாலரை உங்கள் கணக்கில் எந்தப் பக்கம் எழுதப்போகிறீர்கள்?