இறைக்கிற கிணறு

(மதுரைக்கு மேற்கே ஒரு கிராமப் பங்கில், தவக்காலக் கூட்டத்தில் பேசியது)

சேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

பங்குச் சாமி அவர்களே, மதுரையிலிருந்து இந்த வெயிலில் பஸ் பிடித்து வந்திருக்கும் மறைவட்ட அதிபர் அவர்களே, கன்னியர் மடத்துத் தாயார் அவர்களே, வேறு சமயத்தவராக இருந்தும் நம் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் பந்தல் போட்டுத் தரும் ஊராட்சித் தலைவர் அவர்களே, கண்மாய்ப் பாசன சங்கத் தலைவர் அவர்களே, அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் குழுத் தாய்மார்களே! போன வருஷம் உபதேசியாரை விட்டுவிட்டேன். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. உபதேசியார் அவர்களே, வணக்கம்.

'செபம் வறண்டு போகும்போது' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்திகள் சொல்வேன். ஏன் வறள்கிறது, வறண்டால் என்ன செய்வது, வறட்சியில் நமக்கு என்ன லாபம்.

முழங்கால் போட்டால் தூக்கம் வருகிறது. செபமாலையை எடுத்தால் பால் கணக்கு ஞாபகம் வருகிறது. உடனே, 'நான் பாவி, அதனால்தான்' என்று முடிவு கட்டிவிடுகிறோம். அவிலா தெரேசம்மாள் யார்? 1970இல் திருச்சபை மறைவல்லுநர், அதாவது விசுவாசத்தின் பேராசான், என்ற பட்டம் கொடுத்த முதல் பெண்மணி. செப நேரம் முடிந்து மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார். குழந்தை தெரேசம்மாள் தியானத்தில் தூங்கி விழுந்தவர். கல்கத்தா அன்னை தெரேசா பல பத்தாண்டுகள் உள்ளே இருட்டோடு இருந்தது, அவர் இறந்து 10 ஆண்டு கழித்து, 2007இல் கடிதங்கள் அச்சான பிறகுதான் ஊர் உலகத்துக்குத் தெரிந்தது. மூன்று தெரேசாக்களுக்கும் காய்ந்திருக்கிறது. நமக்குக் காயாதா?

நம் பக்கத்தில் சொல்வார்கள்: இறைக்கிற கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும்.

என் தாத்தா கமலை இறைத்தவர்; மாடு பூட்டி, வடத்தில் கட்டிய சால் என்கிற பெரிய வாளியால் கிணற்றுத் தண்ணீரை மேலே இழுப்பது. ஒரு சாலுக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே'. செபமாலையைக் கையில் பிடித்தால் வடத்தை யார் பிடிப்பது? அதனால் சால்தான் அவருக்குச் செபமாலை மணி. 53 சால் ஏறினால் ஒரு செபமாலை முடிந்தது. மாடுகளுக்கே கணக்குத் தெரியும் என்பார். அது கொஞ்சம் கூடுதல்தான். ஒரு வருஷம் மழை பொய்த்துக் கிணறு அடிக்குப் போய்விட்டது. சால் பாதிதான் நிரம்பும், அதிலும் சேறு. எனக்கு அப்போது எட்டு வயது. "தாத்தா, அரைச் சாலுக்கு அரை மந்திரமா?" என்று கேட்டேன். மாட்டை நிறுத்தினார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "தண்ணிதாண்டா அரை. மந்திரம் முழுசு." (கைதட்டல்) அன்றைக்கு 53 முடிந்தும் மாட்டை அவிழ்க்கவில்லை, இன்னொரு சால் இறைத்தார். வறண்ட வேளையில் குறித்த நேரத்துக்கு மேலும் கொஞ்சம் இரு என்று சேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் எழுதியதைத் தாத்தா எங்கே படித்தார்? அவருக்குக் கையெழுத்தே வராது.

சரி, இரண்டாவது. அதே அவிலா தெரேசம்மாள், செபம் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போல என்கிறார். அதற்கு நாலு வழி: கிணற்றில் இறைப்பது, நீர்ச்சக்கரம், வாய்க்கால், மழை. இந்த வாய்க்காலில்தான் நான் நிற்க வேண்டியிருக்கிறது. நம் கண்மாய் வரத்துக் கால்வாயைப் போய்ப் பாருங்கள். இந்தக் கோவில் வாசலிலிருந்து கூப்பிடு தூரம். உள்ளே ஆள் நுழைய முடியாது, அத்தனையும் சீமைக் கருவேலம். ஆண்டவர் மழை கொடுத்தாலும் எந்த வழியாக வரும்? தண்ணீர் ஓடும்போது கால்வாயில் இறங்க முடியாது. காய்ந்து கிடக்கும்போதுதான் வெட்ட முடியும். செபமும் அப்படித்தான், இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இறைக்கிற கிணறு ஊறும் என்றேன். கண்மாய் பெருகாமல் எந்தக் கிணறு ஊறும்? பாசன சங்கத் தலைவர் தலையாட்டுகிறார்.

மூன்றாவது செய்தி இருக்கிறது. ஆனால் சாமி கடிகாரத்தைப் பார்க்கிறார்.

வருகிற ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் கால்வாய்க் கரைக்கு வந்துவிடுங்கள். டிராக்டருக்கு ஊராட்சித் தலைவர் ஒத்துக்கொண்டிருக்கிறார், இல்லையா தலைவரே? அரிவாளும் மண்வெட்டியும் அவரவர் கொண்டு வரவேண்டும். முள் குத்தும், செருப்பு போட்டு வாருங்கள். கஞ்சி அன்பியத் தாய்மார்கள் பொறுப்பு. கால்வாய் நீளம் அதிகம். செபமாலையை அங்கேயே சொல்லிக்கொள்ளலாம்.